டிராகனும் சோபாவும்

வீட்டுக்குள் நுழைந்த லிஃப்ட் மெக்கானிக் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. நேராகச் சாப்பாட்டு மேஜைக்குப் போனார். மேஜையின் ஒரு பாதியில் சாப்பாடு மூடி வைக்கப்பட்டிருந்தது. மறுபாதியில் செஸ் போர்டு. போர்டில் கறுப்பு மந்திரி மூலைக்குப் பக்கத்துக் கட்டத்தில் போய் உட்கார்ந்திருந்தது.

"வெச்சுட்டா!" என்று கத்தினார். "டிராகனை வெச்சுட்டா!"

சோபாவில் படுத்திருந்த மைத்துனன் கைபேசியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "யாரு மாமா?"

"உங்கக்காதான். இந்த வீட்ல எனக்கு வேற எதிரி யாருடா இருக்கா?"

இருந்தான். கேள்வி கேட்டவனே அவன்தான். மெக்கானிக்கின் அரைக்கால் சட்டையைப் போட்டுக்கொண்டு, மெக்கானிக்கின் தலையணையைக் கட்டிக்கொண்டு, மெக்கானிக் ஆசை ஆசையாகத் தேடி வாங்கிய சோபாவில் குறுக்கே கிடந்தான். ஒரு இண்டர்வியூவை முடித்துக்கொண்டு இரண்டே நாளில் ஊருக்குத் திரும்பிவிடுகிறேன் என்று வந்தவன். இண்டர்வியூ முடிந்தது, வேலை கிடைக்கவில்லை. பிறகு அந்தக் கம்பெனியே அந்தக் கட்டடத்தைக் காலி செய்துகொண்டு போய்விட்டது. இவன் மட்டும் காலி செய்யவில்லை.

மெக்கானிக் பெரிய கோபக்காரர். ஆள் அதிகமாக ஏறினால் லிஃப்டில் ஒரு மணி விடாமல் அலறுமே, அதை வைத்து வேலை செய்யும் இடத்தில் அவருக்கு 'ஓவர்லோடு' என்று பட்டப்பெயர். அப்படிப்பட்டவர் மாதக்கணக்கில் வாயை மூடிக்கொண்டு இருந்ததே அதிசயம்தான். ஒரு நாள் காலை குளித்துவிட்டுக் கையை நீட்டினால், துண்டு ஏற்கெனவே ஈரமாக இருந்தது. மணி அடித்துவிட்டது.

"இது வீடா, சத்திரமா?" என்று குளியலறையிலிருந்தே கத்தினார்.

"என் தம்பி இருக்கறது உங்களுக்கு அவ்ளோ பாரமா இருக்கா?" என்றாள் மனைவி.

"பாரம்தான்! சோபா நடுவுல பள்ளம் விழுந்திருக்கு, போய்ப் பாரு!"

"உங்க தம்பி வந்து இருந்தப்ப நான் ஏதாவது சொன்னேனா?"

"அவன் ஒரு வாரத்துல கிளம்பிட்டான்! வரும்போதே துண்டையும் கொண்டு வந்தான்!"

இத்தனை சத்தத்திலும் சோபாவில் இருந்தவன் அசையவில்லை. காதில் இயர்போனைச் செருகிக்கொண்டு, உலகத்தில் எந்தத் துண்டுக்கும் தனக்கும் சம்பந்தமே இல்லை என்பதுபோல் படுத்திருந்தான்.

அன்றோடு பேச்சு நின்றது. அந்த வீட்டில் பேச்சு நின்றால் பரணிலிருந்து போர்டு இறங்கும். அதுதான் வழக்கம்.

இரண்டு பேருக்கும் பழக்கமே செஸ் போட்டியில் ஏற்பட்டதுதான். கம்பெனிகளுக்கு இடையே நடந்த ஒரு போட்டியில், ஆஸ்பத்திரி லேபில் ரத்தப் பரிசோதனை செய்கிற ஒரு பெண் கறுப்புக் காய்களோடு வந்து எதிரே உட்கார்ந்தாள். சிசிலியன் தற்காப்பு ஆடினாள். அதிலும் டிராகன் என்ற வகை. பெயர்தான் தற்காப்பு. மூலையில் மந்திரியை ஒளித்து வைத்து, அங்கிருந்து போர்டின் மறுமூலை வரைக்கும் குறி பார்க்கிற அடாவடி ஆட்டம் அது. இவர் ராஜா ஒரு பக்கம் ஓடும், அவள் ராஜா இன்னொரு பக்கம் ஓடும், யார் முதலில் எதிராளியின் கழுத்தைப் பிடிக்கிறார்களோ அவர்கள் ஜெயித்தார்கள். அன்று அவள்தான் பிடித்தாள். மெக்கானிக் கோபத்தோடு எழுந்து போய், அதே கோபத்தோடு திரும்பி வந்து, "இன்னொரு ஆட்டம் ஆடறீங்களா?" என்று கேட்டார். அப்படித்தான் கல்யாணம் வரை வந்தது.

கல்யாணம் ஆன புதிதிலேயே ஒரு சட்டமும் போட்டுக்கொண்டார்கள். தீராத சண்டையைச் செஸ்ஸில் தீர்த்துக்கொள்வது. ஜெயித்தவர் சொன்னதுதான் தீர்ப்பு. அதை நிறைவேற்றுவதும் ஜெயித்தவர் பொறுப்பு. ஆட்டம் முடியும்வரை அந்த விஷயத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசக் கூடாது. தோற்றவர் தன் ராஜாவைப் போர்டில் படுக்க வைத்துவிட்டால் போதும். 'தப்பு என்மேலதான்' என்று வாயால் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு ரோஷக்காரர்கள் ஒரே கூரையின் கீழ் குடும்பம் நடத்த இதைவிட வசதியான ஏற்பாடு கிடையாது. டிரா ஆகிவிட்டால் மட்டும் எதுவும் மாறாது, இருப்பது இருந்தபடியே இருக்கும். ஹால் சுவருக்கு நீலமா பச்சையா என்று ஆடிய ஆட்டம் டிராவில் முடிந்தது. சுவர் இன்றைக்கும் வெறும் சிமெண்டுப் பூச்சோடுதான் நிற்கிறது.

இந்த முறை பந்தயம் மைத்துனன். மெக்கானிக் ஜெயித்தால் அவன் ஊருக்குப் போக வேண்டும். மனைவி ஜெயித்தால் அவனாகப் போகிற வரைக்கும் இருக்கலாம், யாரும் முணுமுணுக்கக்கூடக் கூடாது.

அவருக்குப் பகல் வேலை, அவளுக்கு லேபில் ராத்திரி வேலை. காலையில் அவர் கிளம்பிய பிறகு அவள் வருவாள். மாலையில் அவள் கிளம்பிய பிறகு அவர் வருவார். அதனால் நாளுக்கு ஒரு நகர்த்தல் என்று ஆட்டம் நடந்தது. முதல் நாள் இவர் ராஜாவின் சிப்பாயைத் தள்ளினார். மாலையில் வந்து பார்த்தால் அவள் சிசிலியனுக்கான சிப்பாயைத் தள்ளியிருந்தாள். இரண்டாம் நாள் இவர் குதிரையை எடுத்து வைத்தார். மாலையில் அவள் பதிலுக்கு இன்னொரு சிப்பாயைத் தள்ளியிருந்தாள். போர்டுக்குப் பக்கத்தில் ஒரு தட்டு இருந்தது. தட்டில் கேக் துணுக்குகள்.

"என்னை எதிர்த்து ஆடறதுக்கு கேக் வேற கேக்குதா!" என்று பல்லைக் கடித்தார் மெக்கானிக். கறுப்பு ராஜா கட்டத்தின் நடுவில் நிற்காமல் கொஞ்சம் கோணலாக நின்றது. அதையும் அவளுடைய திமிர்க் கணக்கிலேயே சேர்த்துக்கொண்டார்.

இப்போது டிராகனும் வந்துவிட்டது.

"எந்த ஆட்டத்துல நான் தோத்தேனோ, அதையே எடுக்கறா பாரு!" என்று சோற்றைப் பிசைந்தார். "பழைய ஆட்டத்தை ஞாபகப்படுத்தறாளாம்!"

"அக்காவுக்கு உங்க மேல செம கோவம் மாமா" என்றான் மைத்துனன், பரிதாபமான குரலில்.

"அவளுக்கு என்னடா கோவம்? கோவம் வர வேண்டியது எனக்கு!"

ஆனால் அவளுக்குக் கோபம்தான். அதுதான் மெக்கானிக்குக்குக் கொஞ்சமும் புரியவில்லை. ஆட்டம் ஆரம்பித்த புதிதில் அவர் சட்டையெல்லாம் இஸ்திரி போட்டுத்தான் இருந்தன. பிறகு நாளுக்கு நாள் நிலைமை மோசமானது. சட்டைகள் சுருண்டு கிடந்தன. டிபன் பாக்ஸின் மூடி, மத்தியானம் ஸ்க்ரூ டிரைவர் போட்டு நெம்ப வேண்டிய அளவுக்கு இறுகியிருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் படுக்கையறைக் கதவைச் சாத்துகிற சாத்தில் போர்டில் இருக்கிற குதிரைகள் துள்ளின.

"போர்டுல ஜெயிச்சுக்கிட்டே இருக்கா, கதவை வேற உடைக்கிறா. ஒரு மனுஷிக்கு எத்தனைடா வேணும்?" என்று மைத்துனனிடமே புலம்பினார். புலம்ப வேறு ஆள் இல்லை.

ஏனென்றால் போர்டில் அவர் நிலைமை சரியில்லை. பழைய செஸ் புத்தகத்தைத் தேடி எடுத்தார். அதில் சொன்னபடி ராஜாவை ராணிப் பக்கம் கொண்டுபோய்ப் பத்திரப்படுத்தினார். எதிர்ப்பக்கத்தில் சிப்பாய்களை முன்னே தள்ளினார். எல்லாவற்றுக்கும் பதில் வந்தது, அதுவும் சுடச்சுட வந்தது. புத்தகத்தில் அந்தப் பதில்களெல்லாம் இல்லை. இவர் யோசித்து யோசித்து வேலையில் கோட்டை விட்டார். ஒரு கட்டடத்தில் லிஃப்டை நிறுத்திவிட்டு மேலே ஏறி ரிப்பேர் பார்த்துக்கொண்டிருந்தவர், குதிரையை எங்கே வைப்பது என்ற யோசனையிலேயே படியிறங்கி வந்துவிட்டார். உள்ளே ஒரு வக்கீல் இருந்தார். அவர் உள்ளேயிருந்தே வாதாடியது கீழ்த்தளம் வரைக்கும் கேட்டது.

"வீட்ல சண்டையா, ஓவர்லோடு?" என்று கேட்டார் சாமான் அறையைப் பார்த்துக்கொள்ளும் ஸ்டோர்காரர்.

"சண்டை இல்ல. ஆட்டம்."

"ஒரு வார்த்தை பேசிட்டா முடிஞ்சுபோச்சு. எதுக்கு வக்கீலை எல்லாம் அடைச்சு வெக்கிறீங்க?"

அது மெக்கானிக்கைத் தைத்தது. கோபம் ஒரு பக்கம் இருந்தாலும், அவள் குரலைக் கேட்டு எத்தனை நாளாகிவிட்டது! லேபில் நடந்ததை அவள் சொல்வாள், லிஃப்டில் நடந்ததை இவர் சொல்வார், இருவருமாகச் சேர்ந்து ஊரையே திட்டுவார்கள். இப்போது தனியாகத் திட்டிக்கொள்ள வேண்டியிருந்தது. அதில் ருசியே இல்லை.

நாளைக்குக் காலை கொஞ்சம் தாமதமாகக் கிளம்பி, அவள் வரும்வரை காத்திருந்து பேசிவிடலாமா என்று வீட்டுக்கு வந்ததும் மைத்துனனிடம் கேட்டார்.

அவன் விசுக்கென்று எழுந்து உட்கார்ந்தான். அவன் உட்கார்ந்து அவர் பார்த்ததே அன்றுதான்.

"வேணாம் மாமா! ஆட்டம் முடியறதுக்கு முன்னாடி பேசினா, தோத்துட்டு வந்து காலைப் பிடிக்கிறார்னு அக்கா நெனைச்சுக்கும். அப்புறம் வாழ்க்கை முழுக்கச் சொல்லிக் காட்டும். எனக்குத் தெரியாதா எங்கக்காவை?"

"அதுவும் சரிதான்" என்று முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டார் மெக்கானிக். "ஆனா நான் தோத்துடுவேன் போலிருக்கேடா."

மைத்துனன் சோம்பல் முறித்தபடி எழுந்து வந்து போர்டை எட்டிப் பார்த்தான். நாள் முழுக்கக் கைபேசியில் முகம் தெரியாத எவனெவனோடோ செஸ் ஆடுகிறவன். அந்த 'டக் டக்' சத்தம்தான் இத்தனை மாதமாக இந்த வீட்டுக்குச் சங்கீதம்.

"இந்தச் சிப்பாயைத் தள்ளிப் பாருங்க மாமா" என்றான்.

மெக்கானிக் பார்த்தார். மறுபடியும் பார்த்தார். அட, நல்ல நகர்த்தல்!

வெளியாள் உதவி கூடாது என்பதும் வீட்டுச் சட்டத்தில் உண்டு. மெக்கானிக் நியாயமான மனிதர், அதனால் நியாயமாக யோசித்தார். சோபாவை விட்டே இறங்காதவன் எப்படி வெளியாள் ஆவான்? தவிர, எதற்காக நடக்கிற ஆட்டம் என்பது இந்த மடையனுக்குத் தெரியாது. தன்னைத் துரத்துவதற்குத் தானே வழி சொல்லிக் கொடுக்கிறான்! ரொம்ப நாளுக்குப் பிறகு மெக்கானிக் சிரித்தார். அதுவும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

அன்றிலிருந்து மைத்துனன்தான் ஆலோசகன். ஆலோசகனுக்கோ மனநிலை முக்கியம். வயிறு காலியாக இருந்தால் யோசனை வராது என்றான். மெக்கானிக் பொட்டலம் பொட்டலமாக வாங்கி வந்தார். கழுத்து வலிக்கிறது என்றான். தன்னுடைய இன்னொரு தலையணையையும் கொடுத்துவிட்டு, மெக்கானிக் கையை மடித்து வைத்துப் படுத்தார். வியர்த்தால் கணக்குப் பிசகுகிறது என்றான். மின்விசிறி சோபா பக்கம் திரும்பியது. ஒரு நாள் கூச்சத்தோடு துண்டு ஒன்று வேண்டுமென்று கேட்டான். மெக்கானிக் கடைக்குப் போய்ப் புதிதாக, தன்னுடையதைவிடப் பெரியதாக, ஒன்று வாங்கி வந்தார்.

இவனை வெளியே அனுப்புவதற்காகத்தான் இத்தனையும் என்று நினைக்கும்போது அவருக்கே தலை சுற்றியது. அதனால் நினைக்காமல் இருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை தண்ணீர் குடிக்க அவள் வெளியே வந்தாள். போர்டின்மேல் இரண்டு தலைகளும் முட்டிக்கொள்கிற மாதிரி குனிந்திருந்தன. மைத்துனன் ஏதோ சொல்ல, மெக்கானிக் தொடையில் தட்டிச் சிரித்துக்கொண்டிருந்தார். அவள் புதுத் துண்டைப் பார்த்தாள், இரண்டு தலையணைகளையும் பார்த்தாள், திரும்பியிருந்த மின்விசிறியைப் பார்த்தாள். டம்ளரை மேடைமேல் வைத்த வேகத்தில் தண்ணீர் கூரை வரைக்கும் போயிற்று.

"பாத்தியா?" என்று மெக்கானிக் கிசுகிசுத்தார். "நாம நல்லா ஆடறோம். அதான் பயந்துட்டா."

"ஆமா மாமா" என்றான் மைத்துனன். அவன் மட்டும் ஏனோ அக்காவின் முகத்தைப் பார்க்கவே இல்லை.

ஆட்டம் சூடு பிடித்தது. மறுநாள் மாலை வந்து பார்த்தால், கறுப்பு யானை ஒன்று பாய்ந்து வந்து மெக்கானிக்கின் குதிரையை அடித்துப் போட்டிருந்தது. யானையைப் பலி கொடுத்துக் குதிரையை எடுப்பதா! தனக்கே நஷ்டம் செய்துகொண்டு, அவர் ராஜாவைச் சுற்றியிருந்த வேலியைப் பிய்த்து எறிந்திருந்தாள். டிராகன்காரர்களின் பழைய போக்கிரித்தனம் இது.

"இரக்கமே இல்லையா இவளுக்கு!" என்று மேஜையைக் குத்தினார். "கட்டின புருஷன்னுகூடப் பாக்காம யானையை விட்டு மிதிக்கிறா! டேய், இதுக்கு என்னடா பதில்?"

மைத்துனன் தலையைச் சொறிந்தான். "இருக்கு மாமா. ஆனா கொஞ்சம் நீளமான வழி. தினம் நான் பக்கத்துல இருந்து பாக்கணும். அதான் யோசிக்கிறேன். வேற ஊர்ல ஒரு கம்பெனில இருந்து இண்டர்வியூக்குக் கூப்பிட்டிருக்காங்க. நாளைக்குக் காலைல கிளம்பணும். தங்க இடம்கூடத் தர்றாங்களாம்."

படுக்கையறைக் கதவு லேசாகத் திறந்தது. அன்று அவளுக்கு லேபில் விடுமுறை. மெக்கானிக் அதைக் கவனிக்கவில்லை. அவர் கண்ணெல்லாம் போர்டின்மேல் இருந்தது. வேலி இல்லாத ராஜா, எதிரே வாயைத் திறந்துகொண்டிருக்கும் டிராகன், கையில் ஒரே ஒரு ஆலோசகன். அவனும் போகிறேன் என்கிறான்.

"என்ன, கிளம்பறியா? இப்பவா?" என்று கத்தினார். "அதெல்லாம் ஒண்ணும் வேணாம்! வேலை எங்கடா ஓடிப்போகுது? எங்கயும் போகாத! இங்கயே இரு! உனக்கு என்ன வேணும்னு சொல்லு, நான் வாங்கித் தரேன்!"

கதவு சாத்திக்கொண்டது. சாத்திக்கொண்டது என்று சொன்னால் போதாது. சுவரிலிருந்த கல்யாண போட்டோ கீழே விழுந்தது. மெக்கானிக் அதை எடுத்துப் பார்த்தார். கண்ணாடி நெடுகக் கீறல் விட்டிருந்தது, ஒரு பக்கம் அவர், ஒரு பக்கம் அவள்.

"இப்ப நான் என்னடா பண்ணிட்டேன்?" என்றார் மெக்கானிக். இந்தத் தடவை குரலில் கோபத்தைவிட வேறு ஏதோ அதிகமாக இருந்தது.

"விடுங்க மாமா. நீங்க சொன்னதுக்கப்புறம் நான் போவேனா?" என்றான் மைத்துனன், பெருந்தன்மையாக.

அவன் சொன்ன நீளமான வழி இதுதான். ராணியை வைத்து அவள் ராஜாவுக்குச் செக் கொடுப்பது. ராஜா பக்கத்துக் கட்டத்துக்கு ஓடும். அங்கே ஒரு செக். ராஜா பழைய கட்டத்துக்கே திரும்பும். மறுபடி செக். ஓடவும் முடியாது, ஒளியவும் முடியாது. இவர் செக்கை நிறுத்தினால், மறுநாளே டிராகன் இவர் ராஜாவை விழுங்கிவிடும். அதனால் நிறுத்தவும் முடியாது.

மெக்கானிக் காலையில் செக் வைத்துவிட்டுப் போனார். மாலையில் கறுப்பு ராஜா பக்கத்துக் கட்டத்தில் நின்றது. மறுநாள் செக் வைத்தார். பழைய கட்டத்துக்கு வந்து நின்றது. செக். பக்கத்துக் கட்டம். செக். பழைய கட்டம். வேலைக்குப் போனால் லிஃப்டும் இதையேதான் செய்தது. மேலே போயிற்று, கீழே வந்தது, மேலே போயிற்று. மெக்கானிக்குக்குத் தன் வாழ்க்கையே இரண்டு கட்டங்களுக்கு நடுவில் மாட்டிக்கொண்டதாகத் தோன்றியது.

"இது எப்படா முடியும்?" என்று கேட்டார்.

"முடியவே முடியாது மாமா!" மைத்துனன் முகம் பூரித்துப் போயிருந்தது. "அதுதான் இதுல அழகே. தினம் ஒரு செக். நீங்களும் தோக்க மாட்டீங்க, அக்காவும் தோக்காது. வருஷக்கணக்கா ஆடலாம்!"

"வருஷக்கணக்காவா?"

"எதுக்கு மாமா அவசரம்? நல்லாத்தானே போயிட்டிருக்கு?"

மெக்கானிக் சோபாவைப் பார்த்தார். நடுப்பள்ளம் இப்போது தொட்டில் அளவுக்கு ஆகியிருந்தது. கீறல் விட்ட போட்டோவைப் பார்த்தார். சுருங்கிய சட்டையோடு நிற்கும் தன்னைப் பார்த்தார். உள்ளே எங்கேயோ அந்த ஓவர்லோடு மணி மறுபடியும் அலறத் தொடங்கியது.

"அட போடா!" என்று கத்தினார். "வருஷக்கணக்கா நான் பேசாம இருக்கணுமா? எதிரே இருக்கிறவ யாருடா, என் பொண்டாட்டி! ஒரே மாதிரி மூணு தடவை வந்தா டிரா. முடிஞ்சுபோச்சு. இப்பவே போய்ச் சொல்றேன்."

"மாமா, மாமா, வேணாம்!" மைத்துனன் சோபாவிலிருந்து குதித்தே விட்டான். "டிரான்னா... அக்கா தூங்குது... இன்னொரு வழி இருக்கு மாமா, யானையை வெச்சு..."

"யானையாவது பூனையாவது! நகருடா!"

ஞாயிற்றுக்கிழமை பகல். அவள் உள்ளேதான் இருந்தாள். மெக்கானிக் கதவுக்கு முன்னால் போய் நின்றார். டிரா என்றால் என்ன அர்த்தம் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். ஹால் சுவர் எதிரிலேயே நின்று அதைச் சொல்லிக்கொண்டிருந்தது. இருப்பது இருந்தபடியே. சோபா போனது போனதுதான், தலையணை போனது போனதுதான், துண்டும் இனி நிரந்தரமாக ஈரம்தான். போகட்டும். சோபா இல்லாமல் ஒரு மனிதன் வாழ்ந்துவிடலாம். சேர்ந்து ஊரைத் திட்ட ஆள் இல்லாமல் எப்படி வாழ்வது?

கதவைத் தட்டினார். தட்டியது கோபமாகத்தான் விழுந்தது. அவருக்கு வேறு மாதிரித் தட்டத் தெரியாது.

"திற! எனக்குப் பேசணும்! ஆமா, நான்தான் முதல்ல பேசறேன், சொல்லிக் காட்டணும்னா காட்டிக்கோ! இந்த டிராகனை வெச்சுக்கிட்டு என்னை வதைச்சது போதும். நான் ஒத்துக்கறேன். ஜெயிக்க முடியல. டிரா! உன் தம்பி இங்கயே இருக்கட்டும். ஆயுசுக்கும் இருக்கட்டும். நான் ஒரு வார்த்தை சொன்னா என்னன்னு கேளு. நீ பேசு, அது போதும்!"

பின்னால் சோபா ஸ்பிரிங் 'கிரீச்' என்றது. மைத்துனன் அவசரமாகக் குனிந்து சோபாவடியில், மேஜையடியில் எதையோ தேடிக்கொண்டிருந்தான். மெக்கானிக் திரும்பிப் பார்த்தார்.

"என்னடா தேடற?"

"செருப்பு மாமா. ஒரு நடை... கடைக்குப் போயிட்டு..."

இத்தனை மாதத்தில் அவன் கடைக்குப் போனதே இல்லை. செருப்பு ஜோடியில் ஒன்று கிடைத்தது. இன்னொன்றுக்குக் காத்திருக்காமல், மெக்கானிக்கின் செருப்பு ஒன்றை மாட்டிக்கொண்டு வாசலைப் பார்த்து நடந்தான்.

கதவு திறந்தது. தலை கலைந்து, கண் சிவந்து, அவள் நின்றாள். முதலில் புருஷனைப் பார்த்தாள். அவர் தோளுக்கு மேலாக எட்டிப் போர்டைப் பார்த்தாள். பிறகு, வாசல் தாண்டப் போகிற தம்பியைப் பார்த்தாள். எத்தனையோ நாளுக்குப் பிறகு அந்த வீட்டில் அவள் குரல் கேட்டது.

"என்ன டிரா? இவன் ஊருக்குப் போகட்டும்னு ரெண்டாவது நாளே ராஜாவைப் படுக்க வெச்சு, உங்களுக்குக் கேக்கும் வெச்சுட்டுப் போனேனே!"